நத்தார் என்ற பெயர் நம் ஊருக்கு வந்த கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பந்தி ஒன்றை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். 2004 கடல்கோளைப் பற்றிய பந்தி. அதில் அந்த நாளைப் 'பொக்சிங் டே சுனாமி' என்று எழுதியிருந்தது. பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பினான்.

"சேர், பொக்சிங் எண்டா குத்துச்சண்டைதானே? குத்துச்சண்டைக்கும் சுனாமிக்கும் என்ன சம்பந்தம்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்கட மூத்தம்மா அண்டைக்குத்தான் சேர் மௌத்து" என்றான். சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளை 2004இல் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் அவன் குடும்பம் ஒவ்வொரு வருடமும் ஓதுகிற நாளுக்கு உலகம் ஏன் அப்படியொரு பெயரை வைத்திருக்கிறது என்று அறிய அவனுக்கு உரிமை இருக்கிறது. அன்று மேலோட்டமாக ஒரு பதில் சொன்னேன். சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அதே கிழமை ஒரு தாய் எனக்குத் தகவல் அனுப்பியிருந்தார். மகளின் கொப்பியில் 'நத்தார் விடுமுறை' என்று எழுதியிருக்கிறதாம். "சேர், அது அவங்கட மார்க்கச் சொல்லா? நம்மட பிள்ளை எழுதலாமா?" என்று கேட்டிருந்தார். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நாம் எல்லோரும் எதைச் சொல்வதற்கும் எதைச் செய்வதற்கும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கப் பழகிவிட்டோம்.

இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான். டிசம்பர் 25ஐயும் 26ஐயும் நாம் அழைக்கிற பெயர்கள் எங்கிருந்து வந்தன?

முதலில் 26ஐப் பார்ப்போம்.

பொக்ஸ் என்றால் பெட்டி. 'பொக்சிங் டே' என்பதில் குத்துச்சண்டை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் நத்தாரை ஒட்டி, வேலைக்காரர், கடைப் பையன்கள், தபால்காரர் போன்றோருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு 'கிறிஸ்மஸ் பெட்டி' என்று பெயர். கடைகளில் வேலை பழகும் பையன்கள் ஒரு பெட்டியை வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் அதில் காசு போடுவார்கள். இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்ற அரச அதிகாரி 1663 டிசம்பர் 19ஆம் திகதி நாட்குறிப்பில், சப்பாத்துக்காரரின் கணக்கைத் தீர்த்துவிட்டு அங்கிருந்த பையன்களின் பெட்டிக்கும் ஏதோ போட்டதாகக் குறித்திருக்கிறார். வீட்டு வேலையாட்கள் நத்தார் அன்று எசமானின் விருந்துக்கு உழைத்துவிட்டு, மறுநாள்தான் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். கையில் ஒரு பெட்டி இருக்கும். தேவாலயத்து ஏழைகளுக்கான காணிக்கைப் பெட்டியைத் திறந்து பங்கிடும் நாளும் அதுவே என்று இன்னொரு விளக்கம் உண்டு. எது எப்படியோ, 1830களில் ஆங்கிலத்தில் அந்த மறுநாளுக்குப் 'பெட்டி நாள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று நம் பையன்களுக்கு அந்தப் பெயர் தெரிவதெல்லாம் மெல்பேர்னில் நடக்கும் கிரிக்கெட் டெஸ்டால்தான்.

ஆகவே அந்தப் பெயரின் அடியில் இருப்பது, இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கும் நாள் என்ற எண்ணம். அதை மனதில் வையுங்கள். கடைசியில் திரும்பி வருகிறேன்.

இனி 25.

தமிழ்நாட்டில் போய் 'நத்தார்' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு விளங்காது. அங்கே 'கிறிஸ்துமஸ்' என்பார்கள். நத்தார் என்பது இலங்கைத் தமிழுக்கே உரிய சொல். சிங்களத்தில் 'நத்தல'. அவர்களின் 'நத்தல் சீயா'தான் நம் பிள்ளைகளின் 'நத்தார் தாத்தா'. இரண்டு மொழிகளுக்கும் சொல் ஓரிடத்திலிருந்துதான் வந்தது. அது போர்த்துக்கேய மொழி. அந்த மொழியில் 'நத்தால்' என்றால் பிறப்பு. சிறப்பாக, ஈஸா நபியின் பிறந்த நாள். அதற்கும் மூலம் இலத்தீன் மொழியின் 'நத்தாலிஸ்'. பிறப்புக்குரியது என்று பொருள்.

'ல்' எப்படி 'ர்' ஆனது என்று மொழிப் பாடம் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். கடன் சொற்களில் ரகரமும் லகரமும் இடம் மாறுவது புதினமல்ல. போர்த்துக்கேயரின் 'அர்மாரியோ' நம் வாயில் 'அலுமாரி' ஆனது. அங்கே ர் போய் ல் வந்தது. இங்கே ல் போய் ர் வந்தது. இன்னொன்றும் உண்டு என்பது என் எண்ணம்: நாயனார், அவுலியார் என்று மதிப்புக்குரியவர்களை 'ஆர்' போட்டு முடித்துப் பழகிய காதுக்கு, 'நத்தால்' என்பதைவிட 'நத்தார்' மரியாதையாகக் கேட்டிருக்கும்.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். இதே சொல் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. 1497இல் வஸ்கொட காமா இந்தியாவுக்கு வரும் வழியில், டிசம்பர் 25ஐ ஒட்டி ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையைக் கடந்தான். அந்தக் கரைக்கு 'நத்தால்' என்று பெயரிட்டான். இன்றைய தென்னாபிரிக்காவின் குவாசூலு நேட்டால் மாகாணம் அதுதான். பிரேசிலில் 1599 டிசம்பர் 25இல் ஒரு நகரத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயரும் நத்தால். நம் கடலிலேயே, ஜாவாவுக்குத் தெற்கே, 1643 டிசம்பர் 25இல் ஆங்கிலக் கப்பல் தலைவன் வில்லியம் மைனர்ஸ் கண்ட தீவுக்குக் கிறிஸ்மஸ் தீவு என்று பெயர். கப்பல்காரர் வந்த திகதியைக் கரைகளில் எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் கரைகளில் ஏற்கனவே இருந்த சனங்கள் அவற்றை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

இதில் நம் கதை எங்கே வருகிறது?

1505இல் லொறன்சோ த அல்மேதா தலைமையில் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்கள் நாட்டில் முஸ்லிம்களோடு நூற்றாண்டுக்கணக்கில் சண்டை. அங்குள்ள முஸ்லிம்களை 'மூரோ' என்பார்கள். இங்கே வந்து பார்த்தால் துறைமுகங்களில் வியாபாரம் செய்வோர் முஸ்லிம்கள். உடனே அதே பெயரை நமக்கும் ஒட்டினார்கள். நம் ஆங்கிலப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்றும் 'மூர்' என்று இருக்கிறதே, அது அவர்கள் விட்டுப்போனது. தமிழில் எழுதும்போது மட்டும் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுகிறோம். அது 'யவனர்' என்ற பழஞ்சொல்லோடு சேர்ந்த இன்னொரு பெயர்.

1526இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் கோட்டை அரசன் முஸ்லிம்களைக் கொழும்பிலிருந்து வெளியேறச் சொன்னான். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1626இல், தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தும் கட்டளை மீண்டும் பிறந்தது. அப்போது கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக்கொண்டான். அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதை எழுதி வைத்தவர் ஒரு போர்த்துக்கேயப் பாதிரியார், பெர்னாவோ த குவேறோஸ். 'மட்டக்களப்பு' என்றால் அன்று இன்றைய மாவட்டம் மட்டுமல்ல. சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் அதற்குள்தான். அதற்கு முன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களோடு இவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் மூதாதையரில் ஒரு பகுதியினரை ஓடவைத்தவர்களின் மொழியிலிருந்துதான் 'நத்தார்' வந்தது. அது மட்டுமா? காலையில் எழும்பி யன்னலைத் திறக்கிறோம். குசினிக்குள் போய்க் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிப் பாண் தின்கிறோம். அலுமாரியைச் சாவி போட்டுத் திறந்து லேஞ்சி எடுக்கிறோம். சப்பாத்துப் போட்டு, விறாந்தையால் இறங்கிப் பாடசாலைக்கு வந்து, வாங்கில் இருந்து, மேசையில் கொப்பியை வைத்துப் பேனையால் எழுதுகிறோம். யன்னல், குசினி, கோப்பை, பாண், அலுமாரி, சாவி, லேஞ்சி, சப்பாத்து, விறாந்தை, வாங்கு, மேசை, பேனை: பன்னிரண்டும் போர்த்துக்கேயம். பாடசாலை மணி அடிக்க முன்னரே பன்னிரண்டு சொல் கடன் வாங்கிவிட்டோம்.

நத்தார் என்ற சொல்லை எழுதக்கூடாது என்றால், மேசை என்ற சொல்லையும் விடவேண்டும். மேசையை விட்டால் எங்கே வைத்து எழுதுவது?

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். போர்த்துக்கேயர் போனபின் ஒல்லாந்தர் வந்தார்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையில் இல்லாமலே போனார்கள். ஒல்லாந்தர் 1796 வரை இருந்தார்கள். பிறகு 1948 வரை ஆங்கிலேயர். கந்தோர் என்ற சொல் ஒல்லாந்தருடையது. பெருநாள் பலகாரத் தட்டில் வைக்கிற கொக்கிஸ்கூட அவர்களுடையது. அவர்கள் இந்தப் பண்டிகையைச் சொன்ன பெயர் 'கெர்ஸ்ட்மிஸ்'. அது ஏன் இங்கே ஒட்டவில்லை? ஆட்சி மாறி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் போயும் நத்தார் ஏன் நின்றது?

காரணம், அதை வைத்திருந்தவர்கள் ஆட்சியாளர்கள் அல்ல, சாதாரண சனங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். பாதிரிமாரைத் துரத்தினார்கள். கத்தோலிக்கர் வீடுகளுக்குள் ஒளித்து வழிபட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து ஊர் ஊராகத் திரிந்து அவர்களைச் சந்தித்தார். 1689இல் நத்தார் இரவில், யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் இரகசியமாகக் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்துப் படையினர் புகுந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த யோசேப் வாஸ் அடிகளாரைத்தான் 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்துப் புனிதராக அறிவித்தார்.

அதாவது, 'நத்தார்' ஆட்சிக்காரன் வாயில் இருந்து வந்த சொல்லாகத் தொடங்கியது. பிறகு அதே சொல், ஆட்சிக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லப்பட்ட சொல்லானது. துரத்தினவர்களின் பிள்ளைகளும் ஒரு நாள் துரத்தப்பட்டார்கள். துரத்தப்படுவதென்றால் என்னவென்று தெரிந்த சமூகம் நாம். இந்தப் பகுதியை வாசிக்கும்போது நமக்கு மனம் கொஞ்சமாவது இளகவேண்டும்.

மட்டக்களப்பில் இன்றும் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் மூத்தவர்கள் வீட்டுக்குள் போர்த்துக்கேயம் கலந்த தங்கள் மொழியைப் பேசுவார்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மொழியைத் தாங்கி நிற்பது அரசுமல்ல, படையுமல்ல. அடுப்படியில் பேசிய தாய்மார்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் மெதடிஸ்த மிசனரிமார் 1814இல் வந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆங்கிலக் கல்வியோடு 'கிறிஸ்மஸ்' என்ற சொல்லும் பரவியது. அது 'கிறிஸ்துவின் பூசை' என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1038ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. இன்று நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நத்தார் என்றும் சொல்வார்கள், கிறிஸ்மஸ் என்றும் சொல்வார்கள். பாடசாலைகளில் நடத்தும் விழாவுக்கு மட்டும் அழகான தமிழ்ப் பெயர்: ஒளிவிழா.

பரிசு கொடுக்கும் தாத்தாவின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. நிக்கலஸ் என்பவர் நாலாம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரின் ஆயர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. ஏழைகளுக்கு இரகசியமாக உதவியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஒல்லாந்தர் அவரைச் 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரிடமிருந்து அது 'சாண்டா குளோஸ்' ஆனது. பனி வண்டியில் வருகிற அந்த மனிதர் கல்முனைக்கு வந்தால் என்ன பாடுபடுவார் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். டிசம்பரில் இங்கே மாரி. வண்டி சறுக்காது, தோணிதான் வேண்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

தங்கச்சி, நத்தார் என்றால் பிறப்பு. அரபியில் கிறிஸ்தவர்கள் அந்த நாளை 'ஈதுல் மீலாத்' என்கிறார்கள். மீலாத் என்றாலும் பிறப்பு. ரபீஉனில் அவ்வல் வந்தால் நம் ஊரில் மீலாத் என்று எத்தனை பதாகை தொங்குகிறது! சொல் ஒன்றே. யாருடைய பிறப்பு என்பதில்தான் வேறுபாடு. உலகில் முஸ்லிம்கள் ஆக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. அங்கே டிசம்பர் 25க்கு என்ன பெயர் தெரியுமா? 'ஹரி நத்தால்'. நம்மைப் போலவே போர்த்துக்கேயரிடம் வாங்கியது. அங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளும் கொப்பியில் அதைத்தான் எழுதுகிறார்கள்.

இன்னொரு விசயம். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இந்த நாளுக்கு 'படா தின்' என்று பெயர். தமிழில் சொன்னால் 'பெரிய நாள்'. பெரிய நாள் என்பதைச் சுருக்கிச் சொல்லுங்கள்: பெருநாள்! நாம் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்று நமக்கே உரியதாக நினைக்கிற சொல்லின் பொருளில்தான் அவர்கள் நத்தாரை அழைக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலயத் திருவிழாவையே 'பெருந்நாள்' என்பார்கள். பெயர்களுக்கு நாம் போடுகிற வேலியை அந்தப் பெயர்களே மதிப்பதில்லை.

ஈஸா நபி பிறந்த செய்தியை நமக்குச் சொல்ல ஸூரத்துல் மர்யம் இருக்கிறது. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனபோது, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் முன் ஓதிக்காட்டியது அந்த ஸூராவைத்தான். துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு அந்த மன்னர் இடம் கொடுத்தார். நமக்குச் செனரத் கொடுத்தது போல. அவர்களின் வணக்கத்தை நாம் எடுத்துக்கொள்வது வேறு. அவர்களின் நாளை அதன் பெயர் சொல்லி அழைப்பது வேறு. முதலாவதை உங்கள் மகளிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது, ஒரு பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்றது. அவ்வளவுதான்.

2019இல் உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து, அதைச் செய்த கூட்டத்தின் மிச்சம் வெடித்தது நம் சாய்ந்தமருதில். அதைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரை அறிய விரும்பாதவர்கள். நம் பிள்ளைகள் அப்படி வளரக்கூடாது. அதற்குக் கொப்பியில் எழுதும் ஒரு சொல் உதவுமென்றால், நூறு தடவை எழுதட்டும்.

கடைசியாக, பின்வாங்கில் இருந்த அந்த மகனுக்கு.

மகன், அன்று நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு பேர் இறக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடல் ஊர் பார்த்து வரவில்லை. நாம் போட்டு வைத்திருந்த எல்லைகள் எதுவும் அதற்குத் தெரியவில்லை. 'சுனாமி' என்ற சொல்லே அன்றுவரை நம்மில் பலருக்குத் தெரியாது. துறைமுக அலை என்று பொருள்படும் யப்பானியச் சொல் அது. அன்றிலிருந்து நம் சொல்லாகிவிட்டது. கேட்காமல் வந்த இன்னொரு கடன்.

ஆங்கிலேயன் பெட்டி நாள் என்று பெயர் வைத்தது, கொடுக்கும் நாள் என்பதற்காக. அந்த நாள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனாலும் அன்று பின்னேரமே கடலுக்குத் தூரத்தில் இருந்த ஊர்களிலிருந்து சோறும் தண்ணீரும் வந்ததை நான் கண்ணால் கண்டேன். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பாடசாலைகளிலும் சனம் கிடந்தது. சோற்றுப் பார்சலை நீட்டியவர், வாங்குகிறவரிடம் நீ யார் என்று கேட்கவில்லை. பிறகு எத்தனையோ கேள்விகள் வந்தன. காணி, வீடு, எல்லை, செயலகம் என்று இன்றுவரை ஓயவில்லை. அன்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உன் மூத்தம்மா மௌத்தான நாளின் ஆங்கிலப் பெயர் உனக்குச் சிரிப்பாக இருக்கவேண்டாம். அதற்குக் கொடுக்கும் நாள் என்று பொருள். இந்த வருடம் அவருக்காக ஓதும்போது, யாருக்காவது எதையாவது கொடு. அப்போது அந்தப் பெயர் உன்னுடையதும் ஆகிவிடும்.

உறவுகளே, ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தம்மா, மூத்தவாப்பா இருந்தால் அவர்களிடம் பழைய சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நாட்களுக்கு, பண்டங்களுக்கு, பாத்திரங்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வரலாற்றில் பாதி அவர்கள் குசினியில்தான் இருக்கிறது. குசினி யாருடைய சொல் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கடலில் போன எல்லோருக்காகவும் துஆச் செய்வோம். வஸ்ஸலாம்.